ஒரு கோணம், பல இடங்கள்: கன உருவங்களைக் கையால் கற்பித்த அனுபவம்

கனசதுரத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, எத்தனை விளிம்பு என்று கேட்டால் ஒன்பது என்று சொல்லும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற கோடுகள் ஒன்பதுதான். பின்னால் மறைந்திருக்கும் மூன்றையும் புள்ளிக்கோடாகப் போட்டுக் காட்டியபோது, "உள்ள கம்பி போகுதா டீச்சரே?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. தாளில் இருப்பவை தட்டையான கோடுகள். அவற்றைக் கனமாகப் பார்க்க ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் முன்பே உள்ளவர்களுக்குத்தான் படம் உதவும்; இல்லாத பிள்ளைக்கு அது ஒரு அறுகோணமும் நடுவில் மூன்று கோடும், அவ்வளவுதான்.

நான் குமரி மாவட்டத்தில் கல்குளம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகளும் மேற்கே ரப்பர் விளைகளுக்குள்ளிருந்து வரும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். கன உருவப் பாடத்தைப் புத்தகம் வைத்திருக்கும் வரிசையில் நான் எடுப்பதில்லை. புத்தகத்தில் படம் முதலில், சூத்திரம் அடுத்து, செய்முறை கடைசியில் கட்டத்துக்குள். நான் தொட்டுப் பார்ப்பதில் தொடங்கி, கட்டி, பிரித்து, எண்ணிய பிறகுதான் படத்துக்கு வருகிறேன். இப்படி எடுத்தால் நேரம் கூடுதலாகத்தான் பிடிக்கும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கன அளவும் புறப்பரப்பும் வரும்போது அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

முதல் வகுப்புக்கு நோட்டும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். ஒரு துணிப்பை போதும். அதற்குள் தீப்பெட்டி, பகடை, சோப்பு வந்த அட்டைப்பெட்டி, தச்சு வேலை செய்பவரிடம் கேட்டு வாங்கிய மர ஆப்பு, அட்டையில் ஒட்டிய நான்முகி (நாலு முக்கோண முகம்), பிரமிடு, எண்முகி (எட்டு முக்கோண முகம்). ஒரு பிள்ளை கையை உள்ளே விட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே எடுக்கக் கூடாது, பொருளின் பெயரையும் சொல்லக் கூடாது. விரலுக்குத் தட்டுப்படுவதை மட்டும் சொல்லலாம்: கூர் எத்தனை, ஒவ்வொரு கூரிலும் எத்தனை ஓரம் வந்து சேருகிறது, ஒரு முகத்துக்கு எத்தனை பக்கம். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே அது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் நடப்பது என்னவென்றால், விரலால் எண்ணத் தொடங்கினால் தொடங்கிய இடம் மறந்துபோகும். அதனால் பிள்ளைகள் தாங்களாகவே ஒழுங்கு கண்டுபிடிக்கிறார்கள். மேலே நாலு, கீழே நாலு, நிற்கிறது நாலு என்று ஒருத்தி எண்ணுவாள். இன்னொருவன் "எட்டு மூலை, மூலைக்கு மூணு ஓரம், அப்போ இருபத்துநாலு" என்று சொல்லிவிட்டுக் குழம்பி நிற்பான். பக்கத்தில் இருப்பவன், "ஒரு ஓரத்துக்கு ரெண்டு மூலை உண்டும்லா, ரெண்டு தடவ எண்ணிட்ட" என்பான். இரட்டை எண்ணிக்கை என்ற இந்த ஒரு யோசனை பாடம் முழுவதுக்கும் உதவும். அதை நான் சொல்லிக்கொடுக்காமல் அவர்கள் வாயிலிருந்து வரும்வரை காத்திருப்பேன். அன்றைக்கு 'முனை', 'விளிம்பு', 'முகம்' என்ற சொற்களைக்கூட நான் கொண்டுவருவதில்லை. மூலை, ஓரம், பக்கம் என்று அவர்கள் சொல்லட்டும். ஒரு சொல் தேவைப்படும் இடம் வந்ததும் புத்தகச் சொல்லைக் கொடுத்தால் அது ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ஓலைப்பந்து. தென்னை இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. இரண்டு ஓலையில் ஈர்க்கிலை உரித்துவிட்டால் நாலு கீற்று கிடைக்கும். அதைப் பின்னினால் பந்து. கேரளத்திலும் இதே விளையாட்டு உண்டு. பந்து என்றாலும் அதன் உருவம் கனசதுரம்தான்: ஆறு முகம், எட்டு மூலை. பின்னத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் மூன்று நாலு பேராவது இருப்பார்கள், பெரும்பாலும் வீட்டில் பாட்டி சொல்லிக்கொடுத்தது. அவர்களை ஆளுக்கொரு குழுவில் உட்காரவைத்துவிட்டு நான் ஒதுங்கிவிடுவேன். கணக்கில் எப்போதும் பின்னால் நிற்கும் பிள்ளை மற்றவர்களின் கையைப் பிடித்துத் திருப்பிச் சொல்லிக்கொடுக்கும் இடம் இது. தட்டையான கீற்று எந்த இடத்தில் மடிந்து அடுத்த முகத்துக்குப் போகிறது என்பதைக் கை அறிந்துகொள்கிறது.

உரித்துப்போட்ட ஈர்க்கிலை வீணாக்குவதில்லை. அதன் தடித்த பாகத்தை 8 செ.மீ. துண்டுகளாக நறுக்கினால் விளிம்புகள் தயார். முனைகளுக்கு இரண்டு வழி. சைக்கிள் கடையில் வால்வ் டியூப் வாங்கி 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, முள்ளால் நடுவில் துளை போட்டு மூன்றாவது குச்சியைச் செருகலாம். தீக்குச்சியும் வால்வ் டியூபும் வைத்து இந்த முறையை நாடு முழுவதும் பரப்பியவர் அரவிந்த் குப்தா. 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். இரண்டாவது வழி இன்னும் எளிது: முந்தின நாள் இரவே ஊறப்போட்ட பட்டாணி. குச்சியின் நுனியைச் சீவி ஊறின பட்டாணியில் குத்தினால் பிடித்துக்கொள்ளும். காயக் காயப் பிடி இறுகும். இதுவும் பழைய முறைதான். 1837இல் ஜெர்மனியில் மழலையர் கல்விக்குப் பள்ளி தொடங்கிய ஃப்ரோபெல், பிள்ளைகளின் கைவேலைகளில் பட்டாணியும் குச்சியும் வைத்திருந்தார். அவர் அதற்கு முன்னால் பெர்லினில் கனிமவியல் பேராசிரியர் வைஸிடம் படிகங்களை ஒழுங்குபடுத்தும் உதவியாளராக வேலை பார்த்தவர். படிகங்களோடு இருந்த மனிதர் பிள்ளைகளின் கையில் கனசதுரத்தைக் கொடுத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஒரு நடைமுறைக் குறிப்பு. இங்கே ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை. ஈர மாதங்களில் பட்டாணி காயாமல் பூஞ்சை பிடிக்கும், அட்டை உருவங்கள் தொய்யும். குச்சி வேலைகளை ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வால்வ் டியூப் வழிக்குப் போங்கள். குழுவுக்கு நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார்.

எல்லாரும் கனசதுரமும் நான்முகியும் கட்டி முடித்ததும், இரண்டையும் மேசையில் வைத்து விரலால் தள்ளச் சொல்வேன். வால்வ் டியூபில் செய்த கனசதுரம் சரிந்து படுத்துவிடும். நான்முகி அசையாது. ஏன்? முக்கோணத்தின் மூன்று பக்க நீளத்தையும் முடிவு செய்துவிட்டால் அதன் கோணங்களும் முடிவாகிவிடும். சதுரத்துக்கு அப்படி இல்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவார்கள்: உயர் அழுத்த மின்கோபுரம், சைக்கிள் சட்டம், கூரையின் கைமரம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போனவர்கள் பழைய காற்றாலைகளில் சிலவற்றின் கம்பிச் சட்டக் கோபுரங்களைச் சொல்வார்கள்.

அப்புறம் கேள்வி: சரிகிற கனசதுரத்தை நிற்கவைக்க எத்தனை குச்சி கூடுதலாக வேண்டும்? கட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கச் சொல்வேன். ஆறு, முகத்துக்கு ஒரு மூலைவிட்டம். எட்டாம் வகுப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு அதன் கணக்கையும் சொல்லலாம்: முனைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறு கழித்தால் தேவையான குச்சி. கனசதுரத்துக்கு 8 × 3 − 6 = 18; இருப்பது 12, ஆகவே குறைவது 6. நான்முகிக்கு 4 × 3 − 6 = 6; சரியாக இருக்கிறது. அந்த ஆறு மூலைவிட்டங்களையும் ஒன்றின் நுனியில் இன்னொன்று சேரும்படி ஒரு ஒழுங்கில் வைத்தால், கனசதுரத்துக்குள் ஒரு நான்முகி நிற்பது தெரியும். இதை முதலில் பார்க்கிற குழுவில் ஒரு சத்தம் எழும். மூலைவிட்டக் குச்சிகளுக்கு வேறு நிறம் பூசியிருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பக்கம் 8 செ.மீ. என்றால் மூலைவிட்டம் 11.3 செ.மீ.; டியூபுக்குள் போகும் அளவைப் பார்த்துச் சிறிது குறைத்து வெட்ட வேண்டும்.

விரிப்பு வலைகளுக்கு, அதாவது கன உருவத்தைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் கிடைக்கும் வடிவங்களுக்கு வரும்போது, வலையைக் கொடுத்து மடிக்கச் சொல்வதைவிட மூடிய பெட்டியைக் கொடுத்து வெட்டச் சொல்வதுதான் எனக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. அட்டையில் ஒட்டிய கனசதுரம் ஒன்றும் கத்தரிக்கோலும். விதி: விளிம்பு வழியாக மட்டும் வெட்ட வேண்டும், ஒரே துண்டாகத் தட்டையாக விரிய வேண்டும். எத்தனை விளிம்பை வெட்டினோம் என்று எண்ண வேண்டும். ஒரு குழுவுக்குச் சிலுவை போல வரும், இன்னொன்றுக்குப் படிக்கட்டு போல வரும். கனசதுரத்துக்கு வெவ்வேறான 11 வலைகள் உண்டு. வகுப்பு முழுவதும் சேர்ந்தால் பெரும்பாலானவை கிடைத்துவிடும், ஒன்றிரண்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் எந்த வலை வந்தாலும் வெட்டிய விளிம்பு ஏழுதான். நான்முகிக்கு எப்படி வெட்டினாலும் மூன்று. எண்முகிக்கு ஐந்து.

இங்கே அவசரப்படக் கூடாது. இந்த ஏழும் மூன்றும் ஐந்தும் எங்கிருந்து வருகின்றன என்று யோசிக்க ஒரு முழு வகுப்பைக் கொடுத்துவிடுவேன். முனை எட்டு, வெட்டு ஏழு. முனை நாலு, வெட்டு மூன்று. முனை ஆறு, வெட்டு ஐந்து. ஒரு முனைக்கு வெட்டே போகாவிட்டால் அந்த இடம் கூராகவே நிற்கும், தட்டையாகாது. ஆகவே வெட்டு எல்லா முனைகளையும் தொட வேண்டும். வெட்டு சுற்றிவந்து தன்னையே தொட்டால் ஒரு துண்டு கழன்று விழுந்துவிடும். ஆகவே சுற்று இருக்கக் கூடாது. சுற்று இல்லாமல் எட்டு ஊர்களை இணைக்க ஏழு சாலை வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரிகிறது. வெட்டாத விளிம்புகளை இப்போது எண்ணுங்கள். ஆறு முகங்களும் ஒரே துண்டாக ஒட்டிக்கொண்டிருக்க மடிப்பு ஐந்து. வெட்டியது 7, மடித்தது 5, மொத்தம் 12 விளிம்பு.

இதை அப்படியே எழுதினால்: விளிம்புகள் = (முனைகள் − 1) + (முகங்கள் − 1). அதாவது முனைகள் + முகங்கள் − விளிம்புகள் = 2. கணித அறிஞர் ஆய்லர் 1750இல் இன்னொரு கணித அறிஞரான கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் சொன்னது இதைத்தான். அட்டவணை போட்டு 2, 2, 2 என்று வருவதைக் காட்டிச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைப்பது எளிது. ஆனால் ஏன் 2 என்பதற்கு அந்த அட்டவணையில் பதில் இல்லை. கத்தரிக்கோலில் இருக்கிறது. 1847இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஸ்டாட் கொடுத்த நிரூபணத்தின் சாரம் இது. சோப்புப் பெட்டியை வைத்து எட்டாம் வகுப்பில் இதைச் செய்ய முடிகிறது என்பதை எல்லாக் கணக்கு ஆசிரியர்களிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. கெட்டிக்காரப் பிள்ளை யாராவது நடுவில் ஓட்டையுள்ள உருவத்தைக் கேட்பார்கள். போட்டோ பிரேமை எடுத்துவந்து எண்ணச் சொல்லுங்கள். மூலைகள் 45 பாகையில் வெட்டிச் சேர்த்த பிரேம்தான் வேண்டும். அந்த இணைப்புக் கோடுகளும் விளிம்புகள். முனை 16, முகம் 16, விளிம்பு 32. விடை 0. இணைப்புக் கோடுகளை விட்டுவிட்டு எண்ணினால் 16, 10, 24 என்று வந்து 2 கிடைத்துவிடும்; ஆனால் அப்போது முன்பக்கமும் பின்பக்கமும் நடுவில் துளையுள்ள முகங்கள், அவற்றைச் சாதாரண முகமாகக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த இடத்தை நன்றாகத் தயாரித்துக்கொண்டு போவது நல்லது.

எண்ணிக்கைப் பயிற்சிக்குக் கால்பந்தைப் போல ஒன்று கிடையாது. தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கால்பந்து என்றால் உயிர். 1970 உலகக் கோப்பையில் புகழ்பெற்ற அந்தக் கறுப்பு வெள்ளைப் பந்தில் கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20. விளிம்பை ஒவ்வொன்றாக எண்ணினால் எங்கேயாவது தவறிவிடும். 12 × 5 + 20 × 6 = 180; ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகத்துக்குப் பொது, ஆகவே 90. ஒவ்வொரு முனையிலும் மூன்று முகம், ஆகவே 60. 60 + 32 − 90 = 2.

முகங்களும் முனைகளும் ஒத்திருக்கும் ஒழுங்கான பன்முகிகள் ஐந்துதான் என்பதை நான் சொல்லிவிடுவதில்லை. சம அளவு முக்கோணம், சதுரம், ஐங்கோணம், அறுகோணம் வெட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு முனையைச் சுற்றி எத்தனை ஒட்டினால் குழிந்து நிற்கும், எத்தனை ஒட்டினால் தட்டையாகிவிடும் என்று பார்க்கச் சொல்வேன். முக்கோணம் மூன்று, நாலு, ஐந்து வரை நிற்கும்; ஆறு தட்டை. சதுரம் மூன்று நிற்கும், நாலு தட்டை. ஐங்கோணம் மூன்று. அறுகோணம் மூன்றிலேயே தட்டை. கதை முடிந்தது. இதில் வரும் நல்ல சண்டை ஒன்று உண்டு. ஒருத்தி இரண்டு நான்முகிகளை ஒட்டிக் கொண்டுவந்து, "இதுலயும் எல்லா முகமும் ஒரே முக்கோணந்தான, இத ஏன் சேக்கல?" என்று கேட்டாள். வகுப்பே அவள் பக்கம். விடையை நான் சொல்லவில்லை. பைக்குள் போட்டு ஒருவனைத் தொடச் சொன்னேன். "ரெண்டு கூரு கூடுதலா குத்துது, மத்த மூணும் மழுங்கலா இருக்கு" என்றான். இரண்டு முனைகளில் மூன்று முகம், மூன்று முனைகளில் நாலு முகம். முகங்கள் ஒத்திருந்தால் போதாது, முனைகளும் ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே விளங்கிவிட்டது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த பகுதி. இதற்கு வேண்டியது ஏ4 தாள் ஒன்று, பாகைமானி ஒன்று.

ஏ4 தாளின் அளவு 210க்கு 297 மில்லிமீட்டர். பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. அதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்த விகிதம் இரண்டின் வர்க்கமூலம். தாளின் நாலு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரு சாய்சதுரம் வரும். அதன் கோணங்களை அளந்தால் ஒன்று 70½, மற்றது 109½ பாகைக்கு அருகில். துல்லியமாகச் சொன்னால் 70 பாகை 32 கலை, 109 பாகை 28 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). இந்த எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைத்துவிடுவேன், அழிக்கக் கூடாது என்று சொல்லி.

முதலில் கடற்கரை. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரில் நாலு கால் கொண்ட பெரிய கான்கிரீட் கட்டைகளைக் குவித்திருக்கிறார்கள். டெட்ராபாட் என்று பெயர். 1950இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து நீரியல் ஆய்வகத்தில் உருவானது. எப்படிப் போட்டாலும் மூன்று கால் கீழே, ஒன்று மேலே. அலை வந்து மோதும்போது தண்ணீர் இடைவெளிகளுக்குள் புகுந்து வேகம் இழக்கும். கடற்கரைப் பிள்ளைகள் அதைத் தினமும் பார்க்கிறார்கள். களிமண் உருண்டையில் நாலு ஈர்க்கிலைக் குத்தி, எந்த இரண்டுக்கும் நடுவே ஒரே கோணம் வரும்படி வைக்கச் சொன்னேன். முதல் முயற்சியில் எல்லாரும் மூன்றைத் தட்டையாக வைத்து நாலாவதை மேலே குத்துவார்கள். 120உம் 90உம் வரும். சரிசெய்து சரிசெய்து வந்தால் எல்லா இடத்திலும் 109, 110 என்று நிற்கும். கரும்பலகை மூலையைப் பார்ப்பார்கள்.

ஏன் அந்த எண்? முன்பு கட்டிய கனசதுரத்துக்குள் நின்ற நான்முகியை எடுத்துக்கொள்ளுங்கள். கனசதுரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அந்த நாலு முனைக்கும் கோடு போட்டால் அதுதான் டெட்ராபாட். கனசதுரத்தை எதிரெதிர் விளிம்பு வழியாகக் குறுக்கே அறுத்தால் கிடைக்கும் செவ்வகம், பக்கத்துக்கு மூலைவிட்டம் என்ற விகிதத்தில், அதாவது ஏ4 தாளின் அதே விகிதத்தில் இருக்கும். அந்தத் தாளில் இரண்டு மூலைவிட்டம் போட்டு நடுவில் அளந்தால் மறுபடியும் 109½. (துறைமுகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் தள்ளி நின்று பார்க்க மட்டும் விடுங்கள். கட்டைகள் மேல் பாசி வழுக்கும், இடுக்குகள் ஆழமானவை.)

இரண்டாவது, மார்த்தாண்டம். 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே கிராம மறுசீரமைப்பு வேலைகளைத் தொடங்கியது. தேனீ வளர்ப்பு இந்தப் பகுதியில் வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்று ரப்பர் விளைகளில் வரிசையாகத் தேன்பெட்டிகள் இருக்கும். ஒரு மாணவனின் மாமா பெட்டி வைத்திருக்கிறார். அச்சு மெழுகுத் தகடு வைக்காமல் தேனீ தானே கட்டிய புது அடை ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். பழைய அடையில் உள்ளே புழு வளர்ந்த தோல் படிந்து அடிப்பக்கம் உருண்டுபோயிருக்கும், அது உதவாது. அறுகோணம் என்று எல்லாருக்கும் தெரியும். அறையின் அடியைப் பார்த்தவர்கள் குறைவு. அது தட்டையாக இல்லை; மூன்று சாய்சதுரங்கள் சேர்ந்த குழி. மூன்றின் நடுவிலும் ஒவ்வொரு குண்டூசி குத்தி அடையைத் திருப்பிப் பாருங்கள்: மூன்றும் மறுபக்கத்து மூன்று வெவ்வேறு அறைகளில் வந்து நிற்கும். அந்தச் சாய்சதுரத்தின் கோணங்களை வானியல் அறிஞர் மரால்டி 1712இல் பாரிஸில் எழுதிவைத்தார்: 109 பாகை 28 கலையும் 70 பாகை 32 கலையும்.

தேனீ மிகக் குறைந்த மெழுகில் கட்டுகிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிட வேண்டாம். 1964இல் ஹங்கேரியக் கணித அறிஞர் ஃபேயெஷ் டோத், இரண்டு அறுகோணமும் இரண்டு சாய்சதுரமும் கொண்ட வேறு அடிப்பக்கம் வைத்தால் மெழுகு மிக மிகச் சிறிய அளவு குறையும் என்று காட்டினார். தேனீ கட்டுவதும் மிக நல்ல கட்டுமானம்தான். அதுவே கடைசி விடை என்று சொல்ல முடியாது, அவ்வளவே.

மூன்றாவது, மணல். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை வடிந்த பிறகு கறுப்பும் சிவப்புமாகப் படிவு தெரியும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட்; சிவப்பு கார்னெட். இந்தத் தாதுமணலைப் பிரிக்கும் மத்திய அரசு ஆலை அங்கேயே இருக்கிறது. குமரி முனையில் சிவந்த மணலைக் காட்டி, அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் அரிசி மணலான கதையைச் சொல்வார்கள். பிள்ளைகளும் அந்தக் கதையோடுதான் வருகிறார்கள். கார்னெட் பாறைக்குள் தடையில்லாமல் வளரும்போது எடுக்கும் உருவங்களில் ஒன்று, 12 சாய்சதுரங்களால் ஆன பன்னிரண்டுமுகி. கடலில் உருண்டு தேய்ந்த மணியில் லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் முழு உருவம் தெரியாது; அங்கங்கே ஒரு முகம் மின்னும், அவ்வளவே எதிர்பார்க்கலாம். அந்த மணலில் கதிரியக்கமுள்ள மோனசைட் என்ற தாதுவும் கலந்திருப்பதால் அள்ளிக்கொண்டு வர நான் விடுவதில்லை. அங்கேயே குனிந்து பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அந்தப் பன்னிரண்டு சாய்சதுரங்களின் கோணம் என்ன என்று கேட்டதும் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதைக் கட்டும் வழி இது. ஏ4 அளவில் கெட்டியான சார்ட் அட்டை மூன்று எடுத்து ஒவ்வொன்றையும் நாலாக வெட்டினால் 12 துண்டு. ஒவ்வொன்றிலும் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்து, காய்ந்த பேனாவால் அழுத்திக் கோடு போட்டு, நாலு மூலைகளையும் மடக்குங்கள். சாய்சதுரமும் அதற்கு நாலு ஒட்டுக் காதுகளும் வந்துவிட்டன; ஒரு துண்டும் வீணில்லை. விரிகோணத்தோடு விரிகோணம் சேர வேண்டும் என்பது ஒன்றே விதி. மூன்று விரிகோணம் கூடும் முனை எட்டு, நாலு குறுங்கோணம் கூடும் முனை ஆறு. காதுக்குக் காது ஒட்டி, காயும்வரை கிளிப் போட்டுவையுங்கள். மைதாப் பசை இந்தக் காற்றில் நாள் பிடிக்கும், கரப்பானும் வரும். பெவிக்கால் மெல்லியதாகத் தடவினால் போதும்.

முடிந்ததும் அதற்குள் ஒரு கனசதுரம் ஒளிந்திருப்பதைக் காட்டலாம்: சாய்சதுரங்களின் குட்டையான மூலைவிட்டங்கள் பன்னிரண்டும் சேர்ந்தால் கனசதுரத்தின் 12 விளிம்புகள். அதாவது ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களிலும் ஒவ்வொரு தட்டையான பிரமிடு வைத்த உருவம் இது. 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்கு, அடி 10 செ.மீ., உயரம் 7.1 செ.மீ. உள்ள முக்கோணம் நாலு ஒட்டினால் ஒரு பிரமிடு. அப்படி ஆறு செய்து சிலுவை வடிவத்தில் துணி டேப்பால் இணைத்துவிட்டால், உள்ளே மடக்கினால் ஆறு கூரும் நடுவில் சேர்ந்து ஒரு கனசதுரம். இன்னொரு கனசதுரத்தைச் சுற்றி வெளியே மடக்கினால் கார்னெட்டின் பன்னிரண்டுமுகி. ஆகவே அதன் கன அளவு இரண்டு கனசதுரம். ஒரு பிரமிடின் கன அளவு கனசதுரத்தில் ஆறில் ஒரு பங்கு. அதன் உயரமோ கனசதுரத்தில் பாதி. பிரமிடு சூத்திரத்தில் வரும் அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பது கையிலேயே இருக்கிறது. "கொள்ளாம்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. இந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

இப்போது வகுப்பில் ஓடிக்கொண்டிருக்கும் வேலையோடு முடிக்கிறேன். கனசதுரத்தை அடுக்கினால் இடைவெளி இல்லாமல் இடம் நிரம்பும், கார்னெட்டின் பன்னிரண்டுமுகியும் அப்படியே நிரப்பும் என்று அடுக்கிப் பார்த்துவிட்டார்கள். நான்முகி நிரப்புமா? நிரப்பும் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். பிள்ளைகள் ஒரே விளிம்பைச் சுற்றி ஐந்து நான்முகிகளை ஒட்டினார்கள். மெல்லிய இடைவெளி ஒன்று விழுந்தது. "ஒட்டுனது செரியில்ல டீச்சரே" என்று ஒரு குழு எல்லாவற்றையும் பிரித்து, அளவு பார்த்து, மறுபடி செய்தது. இடைவெளி அப்படியே இருந்தது. நான்முகியின் இரண்டு முகங்களுக்கு நடுவே உள்ள கோணத்தை அட்டை வெட்டி அளக்கச் சொன்னேன். 70½ வந்தது. ஐந்து மடங்கு 352½. 360க்கு ஏழரைப் பாகை குறைகிறது. அரிஸ்டாட்டில் சொன்னது சரியில்லை என்று குளச்சல் பிள்ளை ஒருத்தி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

எண்முகியின் முகங்களுக்கு நடுவே அளந்தபோது கிடைத்தது 109½. இரண்டையும் கூட்டினால் 180 என்று முதலில் கண்டுபிடித்தது பட்டாணிக் குழுவில் இருந்த பையன். அப்படியானால் ஒரு விளிம்பைச் சுற்றி நான்முகி இரண்டு, எண்முகி இரண்டு வைத்தால் சரியாக 360. இடைவெளி இருக்கக் கூடாது. அதைச் சோதிக்க ஒரே பக்க அளவில் நான்முகிகளும் எண்முகிகளும் நிறைய வேண்டும். நான்முகியின் எண்ணிக்கை எண்முகியைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டியிருக்கிறது. ஏழாம் வகுப்பும் சேர்ந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொண்டிருக்கிறது, பக்கம் 7 செ.மீ.